கூடுதலாக 83 கிலோ

சின்ன பைக்கில் பழகிய கையும் காலும் பெரிய பைக்கில் ஏறியதும் தடுமாறுகின்றன. உரிமம் வழங்கும் சட்டத்துக்கோ 100 சிசியும் 1,000 சிசியும் ஒன்றுதான்.

தேங்காய் உடைத்தாகிவிட்டது. பெட்ரோல் டாங்கின் மீது குங்குமத்தில் ஸ்வஸ்திகா, ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை, உறவினர் கையில் இனிப்புப் பெட்டி. புகைப்படம் எடுத்து முடிந்ததும் புது உரிமையாளர் பைக்கைக் கிளப்பி, கிளட்சை விட்டு, ஷோரூம் வாசல் சரிவில் இறங்குகிறார். ஒரு ஆட்டோ குறுக்கே வருகிறது. நடை வேகம்தான். ஹேண்டில்பார் இடப்பக்கம் திரும்பியிருக்க, பதற்றத்தில் முன்பிரேக்கை இறுக்குகிறார். பைக் நின்றுவிடுகிறது, ஆனால் நேராக நிற்கவில்லை. சாயத் தொடங்கிய வண்டியை இடதுகாலை ஊன்றித் தாங்கப் பார்க்கிறார். பழைய வண்டியாக இருந்தால் கால் தாங்கியிருக்கும். இது தாங்கவில்லை. மாலையும் குங்குமமுமாக, சொந்தபந்தங்களின் கண்ணெதிரில், புது பைக் மெதுவாக, கிட்டத்தட்ட மரியாதையாக, தரையில் படுத்துவிடுகிறது.

டெல்லியோ, புனேயோ, பெங்களூரோ, பெரிய பைக் விற்கும் கடைகளின் வாசலில் நிற்கும் காவலாளிகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. விழுந்தவருக்குப் பெரும்பாலும் அடி எதுவும் படுவதில்லை, மானத்தைத் தவிர. கிளட்ச் லீவர் வளையும், இண்டிகேட்டர் உடையும், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து அதற்குப் பின்னால், மூன்றாவது வாரத்திலோ மூன்றாவது மாதத்திலோ, வண்டி கைக்கு வந்துவிட்டது என்று அவர் நினைக்கும்போது காத்திருக்கிறது.

கணக்கு எளிமையானது. இந்தியாவில் ஒரு தலைமுறை பைக் ஓட்டக் கற்றது 1985ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100ல்; அடுத்த தலைமுறை 1994ல் வந்த ஸ்பிளெண்டரில், அதுவும் பெரும்பாலும் அப்பாவின் ஸ்பிளெண்டரில். இன்றைய ஸ்பிளெண்டர் பிளஸ்ஸின் எடை 112 கிலோ. சிறிய பைக்கிலிருந்து மாறுபவர்கள் பலர் முதலில் பார்க்கும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350ன் எடை 195 கிலோ. வித்தியாசம் 83 கிலோ. அதாவது, நன்றாகச் சாப்பிடுகிற ஓர் ஆள் எந்நேரமும் இறங்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறார். 2023ல் வந்த சூப்பர் மீட்டியார் 650க்குப் போனால் எடை 241 கிலோ. ஸ்பிளெண்டரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

விசித்திரம் என்னவென்றால், ஓடும்போது இந்த எடை தெரிவதே இல்லை. 30 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் சக்கரங்களின் சுழற்சியும் முன் ஃபோர்க்கின் சாய்வும் சேர்ந்து வண்டியைத் தாமாகவே நிமிர்த்திப் பிடிக்கின்றன. குண்டும் குழியுமான சாலையில் ஸ்பிளெண்டர் துள்ளும் இடத்தில் கிளாசிக் நசுக்கிக்கொண்டு போகிறது. எதிர்காற்றிலும் லாரி கடக்கும்போதும் அது அசைவதில்லை. இரண்டாம் நாளே ஓட்டுபவருக்கு அசட்டு தைரியம் வந்துவிடுகிறது. எடை எங்கும் போய்விடவில்லை. நிறுத்த வேண்டிய நேரத்தில் அது திரும்பி வருகிறது.

65 கிலோ எடையுள்ள ஒருவர் ஸ்பிளெண்டரில் 60 கி.மீ. வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே ஆள் கிளாசிக்கில் 90 கி.மீ. வேகத்தில் போகும்போது பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் முன்பைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். எடை ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. மீதி வேலையை வேகம் செய்கிறது, ஏனெனில் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. பெரிய பைக்கில் 90 என்பது 60 மாதிரிதான் இருக்கும். எஞ்சின் அலறாது, ஹேண்டில் நடுங்காது. சின்ன பைக் தன் அலறலால் கொடுத்த எச்சரிக்கையைப் பெரிய பைக் கொடுப்பதில்லை. மனிதரின் நிதானமோ பழைய நிதானம்தான்: ஆபத்தைப் பார்த்து பிரேக்கைத் தொட ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியில் 60ல் போகும் வண்டி 17 மீட்டர் ஓடுகிறது, 90ல் போகும் வண்டி 25 மீட்டர்.

பழைய பழக்கமும் புது வண்டியும் சேரும்போது என்ன ஆகிறது என்பதற்கு ஒரு பழைய ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் குழுவினர் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். 1981ல் வெளியான அவர்களது அறிக்கையை இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். விபத்துக்குள்ளானவர்கள் சராசரியாக ஏறக்குறைய மூன்று ஆண்டுகளாகச் சாலையில் ஓட்டியவர்கள், கற்றுக்குட்டிகள் அல்ல. ஆனால், விபத்து நடந்த அந்தக் குறிப்பிட்ட வண்டியை அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்து மாதத்துக்கும் குறைவாகவே ஓட்டியிருந்தார்கள். அனுபவம் ஓட்டுபவரிடம் இருந்தது, வண்டியிடம் இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் தாமாகவோ நண்பர், உறவினர் சொல்லியோ ஓட்டக் கற்றவர்கள் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. இந்தியாவில் யாரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

அந்த அறிக்கையின் இன்னொரு கண்டுபிடிப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆபத்து வந்தபோது பெரும்பாலோர் பின்பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டார்கள். முன்பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. "முன்பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடித்துவிடும்" என்பது இந்தியத் தெருக்களில் தந்தை மகனுக்குச் சொல்லும் முதல் பாடம். டிரம் பிரேக் போட்ட 100 சிசி பைக்கில், மணல் சிதறிய தெருவில், 40 கி.மீ. வேகத்தில், அந்தப் பாடம் ஓரளவு செல்லுபடியாகும். பெரிய பைக்கில் அது உயிருக்கு உலை வைக்கும் பாடம். பிரேக் போட்டதும் வண்டியின் பாரம் முழுக்க முன்சக்கரத்துக்குத் தாவுகிறது. காய்ந்த தார்ச்சாலையில் நிறுத்தும் வேலையில் 70 சதவீதத்துக்கும் மேல் செய்யக்கூடியது முன்பிரேக்தான். பாரம் குறைந்த பின்சக்கரத்தை மிதித்தால் அது வழுக்கிக்கொண்டு போவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்கும். பிடிக்காத பிரேக்கைப் பிடித்துத் தராது. காலி மைதானத்தில் 30ல் தொடங்கி 60 வரை, முதலில் மெல்ல, பிறகு இறுக்கமாக, முன்பிரேக்கை இரண்டு விரல்களால் அழுத்திப் பழகுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். புது டயரின் வழவழப்பு சாலையில் தேய்ந்து போக முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும் என்பதால், அந்தக் காலை முதல் நாளாக இல்லாதிருப்பது நல்லது.

கைப் பழக்கம் இப்படியென்றால் கால் பழக்கம் அதைவிடப் பொல்லாதது. ஸ்பிளெண்டரின் நான்கு கியர்களும் ஒரே திசையில்: முன்காலால் கீழே அழுத்த அழுத்த கியர் ஏறும். கிளாசிக்கிலும் பெரும்பாலான பெரிய பைக்குகளிலும் முதல் கியர் மட்டும் கீழே, மீதியெல்லாம் மேலே. பத்து ஆண்டு ஸ்பிளெண்டர் ஓட்டிய கால் 70 கி.மீ. வேகத்தில் அடுத்த கியருக்காகத் தன்னையறியாமல் கீழே அழுத்துகிறது. வண்டி ஏறுவதற்குப் பதிலாக இறங்குகிறது, எஞ்சின் கத்துகிறது, பின்சக்கரம் ஒரு கணம் இழுத்துக்கொண்டு ஆடுகிறது. சாலை ஈரமாக இருந்தால் கதை அங்கேயே முடியலாம். சிறு பைக்கிலிருந்து வந்தவர்களுக்கு மெக்கானிக்குகள் ஷோரூமில் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான். சொல்வது என்னவோ சர்வீஸ் தேதியை.

முந்தைய தலைமுறை இதைவிடக் கடினமான பரீட்சையில் தேறியது. 1955லிருந்து அப்போதைய மதராஸில் தயாரான புல்லட் 350ல் கியர் வலதுகாலுக்கு, பிரேக் இடதுகாலுக்கு. முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நியூட்ரல் கிடைக்காதவர்களுக்கென்று தனியாக ஒரு சின்ன லீவர். ராஜ்தூத்திலோ சிடி 100லோ பழகியவர் புல்லட்டில் ஏறி அவசரத்தில் வலதுகாலை அழுத்தினால் பிரேக் பிடிக்காது, கியர் மாறும். கிளப்புவதே ஒரு சடங்கு: அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும், டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து பிஸ்டனை உச்சியைத் தாண்டவிட வேண்டும், பிறகு கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் முழு பாரத்தோடு ஒரே உதை. அவசரப்பட்டவரின் கணுக்காலை கிக்கர் திருப்பி உதைத்தது. இந்தச் சங்கடங்களுக்கு ஒரு நன்மை இருந்தது. முன்பின் பழகாதவர் அந்த வண்டியை வீதி முனைவரைகூட ஓட்டிவிட முடியாது. யாராவது பக்கத்தில் நின்று கற்றுத்தந்தே ஆக வேண்டியிருந்தது. பட்டனைத் தொட்டால் கிளம்பும் இன்றைய வண்டிக்கு வாத்தியார் தேவைப்படுவதில்லை.

எடை மட்டுமே வில்லன் என்று நினைத்துவிடவும் கூடாது. 1983ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா ஆர்டி 350ஐ ராஜ்தூத் 350 என்ற பெயரில் கொண்டுவந்தது. இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், சுமார் 30 குதிரைத்திறன். அக்காலத்து புல்லட்டைவிட எடை குறைவு, சக்தியோ மிக அதிகம். பாதி ஆக்சிலேட்டர் வரை சாதுவாகப் போய், அதற்குமேல் திடீரென்று பாயும் சுபாவம். வெளிநாட்டு மாடலில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். இங்கே வந்ததில் டிரம். பெட்ரோல் குடித்ததாலும் விலையாலும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது மறைந்துபோனது. ஆனால் ஊருக்கு ஊர் ஒரு கதையை விட்டுச் சென்றது: வாங்கிய மாதத்திலேயே சுவரில் மோதிய யாரோ ஒரு பணக்கார வீட்டுப் பையனின் கதை. 2013ல் 390 டியூக் வந்தபோது அதே கதை புதுப் பெயர்களோடு மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

அப்படியானால் பெரிய பைக்குக்குப் பெரிய உடம்பு வேண்டுமா? 2018 ஜனவரி 26ல் டெல்லி ராஜபாதையில் இதற்குப் பதில் கிடைத்தது. எல்லைப் பாதுகாப்புப் படையின் 'சீமா பவானி' பெண்கள் குழு, சப்-இன்ஸ்பெக்டர் ஸ்டான்ஜின் நோர்யாங் தலைமையில், 350 சிசி புல்லட்டுகளில் பிரமிடு கட்டிச் சென்றது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள். அவர்களில் பலர் குழுவில் சேரும்முன் பைக்கையே தொட்டதில்லை. புனேயில் 2011ல் தொடங்கிய 'பைக்கர்னி' சங்கத்துப் பெண்களும் இமயமலைக் கணவாய்களுக்கு இப்படித்தான் போனார்கள். கனமான வண்டியைக் கையால் தாங்க முயல்பவர் தோற்கிறார், அவர் பயில்வானாக இருந்தாலும். சாயவிடாமல் வைத்திருப்பவருக்குப் பலமே தேவைப்படுவதில்லை.

சாயவிடாமல் வைத்திருப்பது என்பது மெதுவாக ஓட்டும் கலை. வேகமாக ஓட்ட யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நடை வேகத்தில் குறுகிய தெருவில் யூ-டர்ன் அடிப்பதுதான் கடினம். ஆக்சிலேட்டரைச் சற்றே ஏற்றிப் பிடித்து, கிளட்சைப் பாதியில் வைத்து, பின்பிரேக்கை லேசாக அழுத்தியபடி போக வேண்டும். அப்போது எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் நடுவில் வண்டி இறுக்கமாக நிற்கும். இந்த வேகத்தில், அதுவும் ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, முன்பிரேக் பக்கமே போகக்கூடாது. ஷோரூம் வாசலில் விழுந்தவர் செய்த தவறு அதுதான். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக்கூடாது. போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் தோளுக்கு மேலாகக் கழுத்தைத் திருப்பி. நெடுஞ்சாலை வேகத்தில் விஷயம் தலைகீழ். சின்ன பைக் இடுப்பை அசைத்தாலே திரும்பும். 200 கிலோ வண்டி அதற்கெல்லாம் மசியாது. இடப்பக்கம் திரும்ப இடது கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். கேட்கத் தப்பாகத் தோன்றும். ஆனால் எல்லா இருசக்கர வண்டிகளும் இப்படித்தான் சாய்கின்றன. சைக்கிள் ஓட்டும் சிறுவனும் தெரியாமல் இதைத்தான் செய்கிறான். தெரிந்து செய்யாதவர், வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கும்போது பயந்து பிரேக்கை மிதிக்கிறார்.

நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் புதிதாகக் கற்க வேண்டிய பாடம். சரிவில் மூக்கைக் கீழே விட்டு நிறுத்தினால், திரும்ப எடுக்க 195 கிலோவையும் மேட்டில் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஸ்பிளெண்டர்காரர் இதை யோசித்தே இருக்க மாட்டார். இளகிய மண்ணில் சைடு ஸ்டாண்ட் புதைந்து, டீ குடித்துவிட்டு வருவதற்குள் வண்டி படுத்திருக்கும்.

விழுந்தால் தூக்கவும் ஒரு முறை இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, கியரில் போட வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த வண்டி மறுபக்கம் விழும். பிறகு ஹேண்டிலை முழுவதும் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் பின்புறக் கம்பியையும் பிடித்து, சீட்டில் இடுப்பை அழுத்தியபடி சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். வேலை செய்வது தொடைகள். முகத்தை வண்டிப் பக்கம் வைத்துக் குனிந்து தூக்குபவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் சொல்லித்தரப்பட வேண்டும் என்று மற்ற நாடுகள் எப்போதோ முடிவு செய்துவிட்டன. சிங்கப்பூரில் முதல் உரிமம் 200 சிசி வரைதான்; ஓராண்டு கழித்து, தனித் தேர்வு எழுதி, 400 சிசி; அதன்பின் இன்னும் ஓராண்டு காத்திருந்தால்தான் அதற்கு மேல். ஜப்பானில் 400 சிசியைத் தாண்ட வேறு உரிமம். பிரிட்டனில் 17 வயதில் 125 சிசி, 19 வயதில் 35 கிலோவாட் சக்தி வரை. நேரடியாக எதையும் ஓட்ட 24 வயதாக வேண்டும். இந்தியாவில் தயாராகும் இண்டர்செப்டர் 650ன் 47 குதிரைத்திறன் அந்த 35 கிலோவாட் எல்லைக்குள் கச்சிதமாக அடங்குகிறது. ஆகவே அந்த வண்டியை லண்டனில் ஓட்ட 19 வயதும் அதற்கென்று ஒரு தேர்வும் வேண்டும். அது பிறந்த நாட்டில் 18 வயதும் ஏதேனும் ஒரு கியர் வண்டியின் உரிமமும் போதும்.

1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்குத் தெரிந்த பிரிவுகள் இரண்டே: கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ள மோட்டார் சைக்கிள். சட்டம் இயற்றப்பட்ட காலத்தில் அது போதுமானதாக இருந்திருக்கலாம். அன்று சாலையில் பெரிய வண்டி என்றால் புல்லட்தான். இன்று நண்பரிடம் இரவல் வாங்கிய 100 சிசி பைக்கில் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் பெற்ற ஒருவர் அன்று மாலையே 1,000 சிசி வண்டியில் சட்டப்படி ஏறலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 349 சிசி கிளாசிக் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. 100லிருந்து 350க்குத் தாவுவது முன்பைவிட எளிது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் வந்தவர்கள். 50,029 பேர் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள். அவர்களில் எத்தனை பேர் எத்தனை சிசி வண்டியில், அதை வாங்கி எத்தனையாவது நாளில் இறந்தார்கள் என்று அந்தக் கணக்கு சொல்வதில்லை. கேட்டால்தானே சொல்லும்.

கோடையில் மணாலி வாடகைக் கடைகளின் முன் இந்தக் கதையின் இன்னொரு பாகம் தினமும் தொடங்குகிறது. புல்லட்டுகளும் ஹிமாலயன்களும் வரிசையாக நிற்க, சமவெளியிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்கிய இளைஞர்கள் லேவுக்குப் போக வண்டி கேட்கிறார்கள். சொந்த ஊரில் அவர்களில் பலர் ஓட்டுவது 100 அல்லது 125 சிசி. போகும் வழி 400 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் பாரலாச்சா லா, 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காடா லூப்ஸ், 5,300 மீட்டருக்கு மேல் தங்லாங் லா. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைந்து எஞ்சின் தன் சக்தியில் ஏறத்தாழ 40 சதவீதத்தை இழக்கிறது, ஓட்டுபவரும்தான். வெயில் ஏற ஏற பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு ஓடிய நாலாக்கள் பிற்பகலில் முழங்கால் அளவு ஆகின்றன. அடியில் உருண்டைக் கற்கள். பின்சீட்டில் இரண்டு பை, ஒரு நண்பர். அங்கே விழுந்த 200 கிலோவைத் தூக்க ஒரு முயற்சிதான் மூச்சில் இருக்கும். இரண்டாவதற்கு உட்கார்ந்து இளைப்பாற வேண்டும்.

கடைக்காரர் முன்பணத்தை எண்ணி வைக்கிறார். உரிமத்தைப் பார்க்கிறார். கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று இருக்கிறது. சாவியைக் கொடுக்கிறார். பியாஸ் பாலத்தைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடுகிறது.